பகிர்வுச் சைக்கிள் உறுப்புரிமை: நாள் வாடகைப் பழக்கத்தால் வரும் தவறுகள்

அறுகம் குடாவிலோ பாசிக்குடாவிலோ சைக்கிள் வாடகைக்கு எடுப்பவர் காலையில் எடுத்து மாலையில் திருப்பிக் கொடுக்கிறார். இடையில் அந்தச் சைக்கிள் தேநீர்க் கடைக்கு முன்னால் மூன்று மணித்தியாலம் சும்மா நின்றாலும் வாடகை மாறுவதில்லை. உறவினரைப் பார்க்கவோ படிக்கவோ லண்டனுக்கும் பாரிஸுக்கும் ரொறன்ரோவுக்கும் போகும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்தவர்கள் அங்குள்ள பகிர்வுச் சைக்கிளில் வீணாக்கும் பணத்தில் பெரும்பகுதி, இந்தப் பழக்கத்தை அப்படியே அங்கும் கொண்டுபோவதால்தான் வீணாகிறது. அங்கே விற்கப்படுவது நேரம். ஒரு சைக்கிள் நிலையத்தில் எடுத்த சைக்கிளைக் குறித்த நிமிடங்களுக்குள் அதிலோ வேறொரு நிலையத்திலோ பூட்ட வேண்டும். பூட்டியவுடன் கணக்கு நின்றுவிடும். மறுபடி எடுத்தால் புதிதாகத் தொடங்கும்.

லண்டனின் பொதுச் சைக்கிள் திட்டம் 2010 ஜூலையில் தொடங்கப்பட்டது; 2015 முதல் சன்டாண்டர் வங்கியின் பெயரில் இயங்குகிறது. 2024 ஆம் ஆண்டுக் கட்டணப்படி, மின்சாரமில்லாத சாதாரணச் சைக்கிளில் தனிப்பயணம் 30 நிமிடத்துக்கு 1.65 பவுண், அதற்குமேல் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் மேலும் 1.65 பவுண். அதே ஆண்டு அறிமுகமான 3 பவுண் நாள் அனுமதியை வாங்கினால், 24 மணித்தியாலத்துக்குள் எத்தனை அரை மணித்தியாலப் பயணமும் செய்யலாம். ஹைட் பூங்காவில் ஒரு சைக்கிளை எடுத்து மூன்று மணித்தியாலம் கையிலேயே வைத்திருப்பவர் தனிப்பயணக் கணக்கில் 9.90 பவுண் கட்டுகிறார்; நாள் அனுமதியோடு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூட்டிப் பூட்டி எடுப்பவர் 3 பவுணோடு முடித்துக்கொள்கிறார். நாள் அனுமதியையும் வாங்கிவிட்டு ஒரே சைக்கிளை மூன்று மணித்தியாலமும் பூட்டாமல் வைத்திருப்பவருக்கோ, அனுமதிக்கான 3 பவுணோடு முதல் அரை மணித்தியாலம் போக மீதி ஐந்துக்குமான 8.25 பவுணும் சேர்ந்து 11.25 பவுண் ஆகிறது. மலிவான அனுமதியை வாங்கியவரே கூடுதலாகக் கட்ட நேரும் இந்த நிலைதான் மிகவும் பரவலானது என்பது என் எண்ணம். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அன்றைய தொகையைச் செயலியில் பார்த்துக்கொள்வது அவசியம். கணக்கின் அமைப்பு மட்டும் பெரும்பாலான நகரங்களில் இதுவேதான்.

மேலதிகக் கட்டணமின்றி ஒரு பயணத்தில் ஓடக்கூடிய இலவச நிமிடங்கள் நகரத்துக்கு நகரம் வேறுபடும். ரொறன்ரோவில் ஆண்டு உறுப்புரிமையே 30 நிமிடம், 45 நிமிடம் என இரு வகையாக உள்ளது. நியூயோர்க்கில் உறுப்பினருக்கு 45 நிமிடமும் தனிப்பயணம் வாங்கியவருக்கு 30 நிமிடமும் உண்டு. மின்சார உதவியுள்ள சைக்கிளை எடுத்தால் கணக்கு இன்னும் மாறுகிறது. நியூயோர்க்கில் உறுப்பினரும் மின்சாரச் சைக்கிளுக்கு முதல் நிமிடத்திலிருந்தே நிமிடக் கணக்கில் கட்ட வேண்டும். பாரிஸின் வெலிப் திட்டத்தில் பச்சை நிறமுள்ளது சாதாரணச் சைக்கிள், நீல நிறமுள்ளது மின்சாரச் சைக்கிள். சாதாரண உறுப்புரிமை வைத்திருப்பவர் நீலத்தை எடுத்தால் பயணத்துக்குத் தனிக்கட்டணம் உண்டு என்பதை அறியாமல், அருகில் எது நிற்கிறதோ அதை எடுத்துவிடுகிறார்கள்.

அடுத்து வரும் தவறு, நிலையத்தில் சைக்கிளைப் பூட்டும் தாங்கியில் அதைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பாராமல் போவது. பூட்டு சரியாக விழாவிட்டால் பயணம் முடிந்ததாகப் பதிவாகாது. நேரமும் கட்டணமும் ஓடிக்கொண்டே இருக்கும். லண்டனில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்த பிறகே நகர வேண்டும். வேறெங்கும் செயலியில் பயணம் முடிந்த செய்தி வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் அந்த இடத்திலிருந்தே நிறுவனத்தை அழைத்து, நிலையத்தின் பெயர் தெரியும்படி ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தொலைந்த சைக்கிளுக்கு லண்டனில் 300 பவுண் வரையும், நியூயோர்க்கில் 1,200 டொலர் வரையும் கணக்கு வைத்திருப்பவரிடம் அறவிட விதிகள் இடமளிக்கின்றன. நிலையம் நிறைந்திருந்தால் பதறத் தேவையில்லை: லண்டனில் நிலையத்தின் இயந்திரத்தில் கேட்டால் மேலதிகமாக 15 நிமிடம் கிடைக்கும், அருகில் வெற்றிடமுள்ள நிலையமும் அதில் தெரியும். எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். பாரிஸில் இருக்கை பின்பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தால், முன்னர் ஓடியவர் அதில் பழுது கண்டிருக்கிறார் என்று கொள்வது அந்நகரத்தவரின் வழக்கம்.

ஒரு நகரத்து உறுப்புரிமை இன்னொரு நகரத்தில் செல்லும் என்று எண்ணுவது பயணிகளுக்கே உரிய தவறு. லண்டன் உறுப்புரிமை பாரிஸில் செல்லாது; ரொறன்ரோவினது நியூயோர்க்கில் செல்லாது. 2004 இல் லைப்சிக் நகரில் தொடங்கிய நெக்ஸ்ட்பைக் போன்ற சில நிறுவனங்களில் ஒரே கணக்கைக் கொண்டு பல ஐரோப்பிய நகரங்களில் சைக்கிள் எடுக்கலாம். ஆனால் கணக்கு ஒன்றென்பதால் கட்டணமும் ஒன்றாகிவிடாது. முற்பணம் கேட்கும் நிறுவனமாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சிங்கப்பூரில் 49 சிங்கப்பூர் டொலர் முற்பணம் வாங்கிய ஓபைக் நிறுவனம் 2018 ஜூனில் திடீரென்று சேவையை நிறுத்தியபோது, பெருந்தொகையானோரின் பணம் உள்ளே சிக்கிக்கொண்டது. தாங்கி இல்லாத அந்நாட்டுச் சைக்கிள்களை நிறுத்தும் இடத்திலுள்ள கியூஆர் குறியீட்டை வருடாமல் விட்டால் 5 டொலர் அறவிடப்படும் விதி 2019 முதல் உள்ளது.

இலங்கை வங்கி அட்டையோடு போகிறவர்கள் புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்துவிடும்படி வங்கியிடம் கேட்க வேண்டும். கொடுப்பனவை உறுதிப்படுத்த வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண் (OTP) இங்கத்தைய தொலைபேசி இலக்கத்துக்கே வரும் என்பதால், அந்தச் சிம் அட்டையில் ரோமிங் இல்லாவிட்டால் நிலையத்துக்கு முன்னால் நின்று விழிக்க நேரிடும். முடியுமானால் கணக்கை இங்கேயே திறந்து, அட்டையைப் பதிந்துவிட்டுப் போவது நல்லது. வெலிப் 300 யூரோவைப் பிணையாக அட்டையில் தடுத்து வைக்கக்கூடும். அது கட்டணமல்ல, ஆனாலும் மீதி குறைந்த டெபிட் அட்டையில் அந்த வேண்டுகோளே நிராகரிக்கப்படலாம். ஒரு மாத விசாவில் போகிறவருக்கு ஆண்டு உறுப்புரிமை தேவையில்லை என்பது தெளிவு. மாத உறுப்புரிமையோ தானாகப் புதுப்பிக்கப்படுவது வழக்கம். தானியங்கிப் புதுப்பித்தலை வாங்கிய அன்றே நிறுத்திவிடாதவர், மட்டக்களப்புக்குத் திரும்பிய பின்னரும் ஓடாத சைக்கிளுக்கு மாதாமாதம் பவுணிலோ டொலரிலோ கட்டிக்கொண்டிருப்பார்.

ஊரிலிருந்து வந்த தம்பிக்குத் தன் கணக்கில் ஒரு சைக்கிளை எடுத்துக் கொடுப்பது அன்பால் செய்யும் காரியந்தான். ஆனால் அபராதமும் சேதமும் அக்கணக்கின் மீதே எழுதப்படும். லண்டனில் வாடகைக்கு எடுப்பவருக்கு 18 வயதும் ஓடுபவருக்கு 14 வயதும் ஆகியிருக்க வேண்டும். இங்கு வழக்கமான டபுள்ஸ் அங்கே ஆகாது. முன்கூடை பைக்கு மட்டுமே, பிள்ளைக்கு அல்ல. அவுஸ்திரேலியாவில் தலைக்கவசம் இல்லாமல் ஓடினால் தண்டம் விழும். பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வீதியின் வலப்பக்கமே ஓட வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறை, அங்கே வளர்ந்து விடுமுறைக்கு இங்கே வரும் பிள்ளைகள் செய்கிறார்கள். மட்டக்களப்பு நகரில் எடுத்த சைக்கிளை முகத்துவாரம் வெளிச்சவீட்டிலோ கல்லடிக் கடற்கரையிலோ விட்டுவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பலாம் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. இங்குள்ள வாடகையில் எடுத்த இடமே கொடுக்கும் இடம். பூட்டும் திறப்பும் முழு நாளும் எடுத்தவரின் பொறுப்பு. எடுக்குமுன் இரு பிரேக்குகளையும் சங்கிலியையும் கடைக்காரர் முன்னிலையிலேயே பார்த்து, ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுத்து, திருப்பிக் கொடுக்கும் நேரத்தைத் துண்டில் எழுதி வாங்க வேண்டும். பிணையாகக் கடவுச்சீட்டையோ தேசிய அடையாள அட்டையையோ விட்டுச் செல்லாமல், பிரதியையோ ஒரு தொகையையோ கொடுக்கப் பேசிப் பார்க்கலாம். வேறிடத்தில்தான் விட வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பேசாமல் விட்டால், சைக்கிளை ஆட்டோவில் ஏற்றி வரும் கூலியும் எடுத்தவர் தலையில்தான் விழும்.