பிகினி படச்சுருள்களைச் சாட்சிக்கு அழைக்கும் முன்

பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி தீவில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. அவற்றில் ஒன்றான 1954 பிராவோ ஹைட்ரஜன் குண்டு வெடிப்பைப் பற்றிப் பேசும் பலர் போடும் படம் எது தெரியுமா? கடலிலிருந்து எழும் வெள்ளைத் தூண், அதன் காலடியில் பொம்மை மாதிரி கப்பல்கள். அது பிராவோ இல்லை. 1946 ஜூலை 25-ல் அதே பிகினியில் நீருக்கடியில் வெடித்த பேக்கர் என்ற அணுகுண்டு. பிராவோவின் வெடிப்புத் திறன் 15 மெகாடன் (ஒன்றரைக் கோடி டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம்), பேக்கரைப் போல அறுநூறு மடங்குக்கும் மேல். குண்டின் பெயரையே மாற்றிச் சொன்னால், மீதி வாதத்தை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

அப்புறம் சத்தம். கேமரா பல கிலோமீட்டர் தள்ளி நின்றது. மின்னல் முந்தி, இடி பிந்தி என்ற கணக்குதான் இங்கேயும். வெளிச்சமும் முழக்கமும் ஒரே நொடியில் வந்தால், முழக்கம் பிறகு ஒட்டியது. அதற்காகப் படமே போலி ஆகிவிடாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு காட்சி. அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வயட், மனிதகுல நன்மைக்காகத் தீவை விட்டுத் தர முடியுமா என்று பிகினி மக்களிடம் கேட்கிறார். எல்லாம் கடவுள் கையில் என்கிறார் தலைவர் ஜூடா. இதை மக்களின் சம்மதத்துக்கு ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் அந்தப் பேச்சு 1946 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. மார்ச்சில், 167 பேரும் கப்பலேறப் போகிற நேரத்தில், கேமராவுக்காகத் திரும்பவும் நடிக்க வைத்தார்கள், அதுவும் பல டேக். சரி, நாடகம்தானே என்று தூக்கி எறியவும் கூடாது. வீட்டைக் காலி செய்யச் சொன்னதோடு, மனமுவந்து கொடுத்ததாக நடிக்கவும் வைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் ஏது?

காளான் மேகத்தைக் காட்டிவிட்டால் பாதிப்பைக் காட்டியாகிவிட்டது என்று நினைப்பதும் தவறுதான். பிராவோ வெடித்தபோது, சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த ராங்கெலாப் என்ற தீவில் கதிரியக்க வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் தீவு மக்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். 1957-ல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். தைராய்டு கட்டிகள் தெரிய ஆரம்பித்தது 1963-ல். ஆகவே ஐம்பதுகளின் படத்தில் ஒருவர் சிரித்தபடி நின்றால், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. பக்கத்தில் மருத்துவப் பதிவேடும் அவர்கள் வாய்மொழியும் இருக்க வேண்டும்.

படம் மட்டும் போதாது என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. 1946 சோதனைகளுக்குப் பிறகு பிகினியில் பிடித்த மீனை ஃபிலிம் மேல் வைத்தார்கள். கேமராவும் இல்லை, வெளிச்சமும் இல்லை. உடலுக்குள் போயிருந்த கதிரியக்கத்தாலேயே மீன் தன் உருவத்தை அதில் பதித்துக்கொண்டது.