வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே இடத்தில் விளம்பரத் தடுப்பு

ஓர் இணையப் பக்கத்தைத் திறந்ததும் போன் முதலில் டிஎன்எஸ் சர்வரிடம்தான் போய் நிற்கும், இந்தப் பெயருக்கு ஐபி முகவரி, அதாவது எண் வடிவ முகவரி, என்ன என்று கேட்க. அந்தப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரங்கள், நம்மை நோட்டம் விடும் டிராக்கர்கள் இவற்றுக்கும் தனித்தனியாக இதே கேள்வி போகிறது. பிளாக்லிஸ்ட் என்பது இப்படிப்பட்ட டொமைன்களின், அதாவது இணையப் பெயர்களின் பட்டியல். அதை வைத்திருக்கும் டிஎன்எஸ் சர்வரிடம் அதில் உள்ள பெயரைக் கேட்டால் 0.0.0.0 என்று எங்கும் போகாத முகவரியைச் சொல்லிவிடும், விளம்பரம் இறங்கவே இறங்காது. ஆட்பிளாக்கர் போட வழியில்லாத ஸ்மார்ட் டிவிக்கும் போன் ஆப்களுக்கும் சேர்த்தே இது வேலை செய்கிறது, அதனால்தான் எல்லோரும் செய்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

சுலபமான வழி, ரவுட்டரின் டிஎச்சிபி செட்டிங்ஸில் (சாதனங்களுக்கு ஐபி கொடுக்கும் பகுதி) டிஎன்எஸ் என்று இருக்கும் இடத்தில், விளம்பரங்களைத் தடுக்கும் ஆட்கார்ட் டிஎன்எஸ் சர்வர்களின் 94.140.14.14, 94.140.15.15 இரண்டையும் போடுவது. அவ்வளவுதான். ஆனால் எது தடுக்கப்படுகிறது என்று நமக்குத் தெரியாது, ஒரு டொமைனை மட்டும் விடுவிக்கவும் முடியாது.

அந்தக் கட்டுப்பாடு நம் கையில் வேண்டும் என்றால் ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினியிலோ சும்மா கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸ் போட்டோ, வீட்டிலேயே விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் சர்வராக ஓடும் பை-ஹோல் மென்பொருளை நிறுவுங்கள், அதே வேலை செய்யும் ஆட்கார்ட் ஹோமும் நல்லதுதான். அந்தக் கருவிக்கு மாறாத ஐபி ஒன்றைக் கொடுத்து, ரவுட்டரில் டிஎன்எஸ்ஸாக அதை மட்டும் போடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது இடத்தில் கூகுளின் டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போட்டுவிடுகிறார்கள். முதல் சர்வர் படுத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, சாதனங்கள் இஷ்டத்துக்கு இரண்டையும் கேட்கும், பாதி விளம்பரம் அந்த வழியாக உள்ளே வந்துவிடும். இணைப்பில் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருந்தால் அதிலும் ரவுட்டர் வேறு டிஎன்எஸ் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

பட்டியலைப் பொறுத்தவரை பை-ஹோலை நிறுவும்போதே வரும் ஸ்டீவன் பிளாக் பட்டியல் தொடக்கத்துக்குப் போதும். போதவில்லை என்றால் ஓஐஎஸ்டி அல்லது ஹகேசி, ஏதாவது ஒன்று. கண்ணில் பட்ட பட்டியலை எல்லாம் சேர்த்தால் பணம் செலுத்தும் பக்கமும் லாகினும் உடைந்துபோய், வீட்டில் இருப்பவர்கள் உங்களைத்தான் பிடிப்பார்கள். அப்படி ஏதாவது நின்றுபோனால் பை-ஹோலின் குவெரி லாகை (வந்த டிஎன்எஸ் கேள்விகளின் பதிவு) திறந்து, அந்த நேரத்தில் தடுக்கப்பட்ட டொமைனைக் கண்டுபிடித்து அனுமதிப் பட்டியலில் சேருங்கள். அவசரத்துக்கு, தடுப்பை 5 நிமிடம் மட்டும் நிறுத்திவைக்கவும் பை-ஹோலில் வசதி இருக்கிறது.

யூடியூப் விளம்பரம் இதனால் போகாது. வீடியோவும் விளம்பரமும் ஒரே டொமைன்களில் இருந்து வருவதால் ஒன்றை வெட்டினால் மற்றதும் போய்விடும். அதனால் ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனும் இருக்கட்டும்.

அப்புறம், பிரவுசர் செட்டிங்ஸில் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' என்று ஒன்று இருக்கும், ஆண்ட்ராய்டில் 'தனிப்பட்ட டிஎன்எஸ்'. இவற்றில் வேறு சர்வர் குறிப்பிட்டிருந்தால் கேள்விகள் மறையாக்கம் செய்யப்பட்டு நேராக அங்கே போய்விடும், பை-ஹோலுக்கு எதுவுமே தெரியாது. ஒரு போனில் மட்டும் விளம்பரம் வந்துகொண்டே இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.