அமெரிக்கத் தேர்தல் பணத்தைப் பற்றி எழுத வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அரசியலைப் பணம் எப்படி வளைக்கிறது என்று தமிழில் எழுத இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுடைய வரைவுகளைப் படித்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. எங்கள் தலைமுறை தொடக்கத்தில் இடறி விழுந்த அதே இடங்களில் இவர்களும் இடறுகிறார்கள். மில்லியனைக் கோடியாக்கும்போது பூஜ்யம் தவறுவது, செனட்டையும் பிரதிநிதிகள் சபையையும் குழப்பிக்கொள்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது உடனே சுட்டிக்காட்டிவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் அச்சேறிவிடும் தவறுகளைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

வருமானத்தைச் சொத்து என்று எழுதுவது

ஓர் ஆண்டில் கைக்கு வருவது வருமானம். கடன் போக மிஞ்சி நிற்பது சொத்து. அமெரிக்காவில் ஏற்றத்தாழ்வின் உண்மையான ஆழம் சொத்தில்தான் தெரியும். மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கணக்குப்படி, நாட்டின் குடும்பச் சொத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு மேல்தட்டு 1 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்கள் அனைவரிடமும் சேர்த்து இருப்பது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. சராசரியையும் நம்பாதீர்கள். அதே வங்கியின் 2022ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு குடும்பத்தின் சராசரிச் சொத்து 10 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து சுமார் 1.93 லட்சம் டாலர்தான்.

ஊழியர் கொடுத்த பணத்தை நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இது. எத்தனை முறை விளக்கினாலும் அடுத்த தேர்தலில் புதிதாக ஒருவர் இதையே எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார்.

தவறு எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். ஒரு வேட்பாளருக்கு ஒருவர் மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்துவிட்டால், அவருடைய பெயர், முகவரி, தொழில், பணிபுரியும் நிறுவனம் ஆகியவற்றைப் பிரசாரக் குழு கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். இந்தப் பதிவுகளை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அவற்றைத் திரட்டும் தளங்கள் ‘பணிபுரியும் நிறுவனம்’ என்ற கட்டத்தை வைத்துத் தொகைகளைக் கூட்டிப் பட்டியல் போடுகின்றன. புதியவர் அந்தப் பட்டியலைப் பார்க்கிறார். “இன்ன நிறுவனம் இந்த வேட்பாளருக்கு இத்தனை லட்சம் கொடுத்தது” என்று தலைப்பிடுகிறார்.

அந்த நிறுவனம் ஒரு டாலர்கூடக் கொடுத்திருக்காது. கொடுக்கவும் முடியாது. நிறுவனத்தின் கருவூலப் பணத்தைக் கூட்டாட்சி வேட்பாளருக்கு நன்கொடையாக அளிப்பது 1907ஆம் ஆண்டின் டில்மன் சட்டத்திலிருந்தே குற்றம். அங்கே வேலை செய்யும் கணக்கரும் செவிலியரும் பொறியாளரும் தத்தம் சம்பளத்திலிருந்து கொடுத்ததுதான் பட்டியலில் இருப்பது. 2008இல் ஒபாமாவுக்கு அதிகம் கொடுத்தோர் பட்டியலின் தலையில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் நின்றது. ஓர் அரசுப் பல்கலைக்கழகம் அதிபர் வேட்பாளருக்கு எப்படிப் பணம் கொடுக்கும் என்று ஒரு கணம் யோசித்தாலே குட்டு உடைந்துவிடும். பேராசிரியர்களும் மருத்துவர்களுமாகப் பெரும் படையே அங்கே வேலை செய்கிறது என்பதுதான் அந்தப் பட்டியல் சொன்ன செய்தி.

அனுபவசாலிகளே இதில் விழுகிறார்கள், அல்லது தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். 2025 ஜனவரி இறுதியில், சுகாதார அமைச்சர் பதவிக்கான செனட் விசாரணையில் ராபர்ட் கென்னடி ஜூனியர், மருந்துத் துறைப் பணத்தை அதிகம் பெற்றவர் என்று செனட்டர் பெர்னி சாண்டர்ஸைச் சாடினார். அது அந்தத் துறையின் தொழிலாளர்கள் கொடுத்த பணம், நிர்வாகிகளிடமிருந்தோ நிறுவனக் குழுக்களிடமிருந்தோ வந்ததில்லை என்று சாண்டர்ஸ் மறுத்தார். ஊழியர் பணம், நிறுவனப் பணம் என்ற வேறுபாடு தெரியாதவர் அந்தச் சண்டையைப் பற்றி ஒரு வரிகூடச் சரியாக எழுத முடியாது.

இதை வெறும் நுணுக்கப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மருத்துவமனைக் குழுமம் ஒரு வேட்பாளரை “விலைக்கு வாங்கியதாக” ஓர் இளைஞர் எழுதினார். அச்சேறுவதற்குள் என் கைக்கு அது வரவில்லை. பதிவுகளைத் திறந்து பார்த்தபோது அதில் இருந்தவர்கள் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களும் ஆய்வக ஊழியர்களும். அடுத்த இதழில் வந்த திருத்தத்தை யார் படித்தார்கள்? அதைவிட என்னை வருத்தியது வேறு. அதே தொகுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் பணத்தில் ஒரு ‘சூப்பர் பேக்’, அதாவது வேட்பாளருக்கு நேரடியாகத் தராமல் வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவிடும் குழு, விளம்பரங்களைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. செவிலியரின் 250 டாலரை ஊழலாக்கிவிட்டு, செல்வந்தரின் கோடிகளைக் கவனிக்காமல் போவதுதான் இந்தத் தவறின் உண்மையான விலை.

எழுதுவதற்கு முன் ஆணையத்தின் தளத்தில் மூலப் பதிவைத் திறங்கள். பணம் கொடுத்தது தனிநபரா, குழுவா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் தாங்கிய அரசியல் நடவடிக்கைக் குழு என்றால் அது வேறு: நிர்வாகிகளும் பங்குதாரர்களும் விரும்பிக் கொடுத்த பணம், ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் உச்சவரம்பு. அடுத்து, பெற்றுக்கொண்டது எந்தக் குழு என்று பாருங்கள். பிறகு தொகையைச் சட்டத்தோடு ஒப்பிடுங்கள். 2023-24 காலத்தில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்குத் தரக்கூடியது ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர். உட்கட்சித் தேர்தலும் பொதுத் தேர்தலும் தனித்தனி என்பதால் 6,600. அதைவிடப் பெரிய காசோலை என்றால் அது சூப்பர் பேக்குக்குப் போயிருக்கும். இல்லையேல் வேட்பாளரும் கட்சியும் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு நிதிதிரட்டுக் குழுவுக்குப் போயிருக்கும்.

ஏற்றத்தாழ்வைத் தேட வேண்டிய இடமும் அதுதான். 2024 தேர்தலில் பெரும் வங்கிக் குடும்பத்தின் வாரிசான டிமோத்தி மெலன் டிரம்ப் ஆதரவு சூப்பர் பேக் ஒன்றுக்கு 15 கோடி டாலர் கொடுத்தார். ஈலோன் மஸ்க் 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். இரண்டும் பதிவில் அவரவர் பெயரிலேயே இருக்கின்றன. இவற்றை வெளிக்கொணர ரகசிய ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை. சரியான பட்டியலைத் திறந்தால் போதும்.

எல்லாப் பழியையும் 2010 தீர்ப்பின் மேல் போடுவது

உச்ச நீதிமன்றம் 2010இல் அளித்த ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ தீர்ப்பு, நிறுவனங்கள் வேட்பாளருக்கு வரம்பின்றி நன்கொடை தரலாம் என்று சொல்லவில்லை. வேட்பாளரோடு கலந்துபேசாமல் தனித்துச் செய்யும் தேர்தல் செலவைக் கருத்துரிமையாகக் கருதி, நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இருந்த தடையை 5-4 என்ற கணக்கில் நீக்கியது. நேரடி நன்கொடைத் தடை அப்படியே நிற்கிறது. சூப்பர் பேக் பிறந்தது அதே ஆண்டு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த ‘ஸ்பீச்நவ்’ தீர்ப்பிலிருந்து.

செலவுக்கு வரம்பு போடுவது பேச்சுக்கு வரம்பு போடுவது என்ற கருத்து இன்னும் பழையது. 1976இல் ‘பக்லி’ வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. வேட்பாளர் தன் சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்பதும் அந்தத் தீர்ப்பின் விளைவே. 2020இல் கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் தன் அதிபர் தேர்தல் பிரசாரத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணத்தைக் கொட்டியதற்கு 2010 தீர்ப்பு தேவைப்படவில்லை.

புதியவர்கள் யாரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. அதே சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர், பணம் யாருடையது என்று வெளியிடச் சொல்லும் விதிகள் செல்லும் என்றார்கள். வெளிப்படைத்தன்மையை வலுப்படுத்தக் கொண்டுவரப்பட்ட மசோதா 2010இல் செனட்டில் 60 வாக்குகள் கிடைக்காமல் முடங்கியது. அந்தத் தோல்விக்கு நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது.

ஒரே பணத்தை இருமுறை கூட்டுவது

இணையத்தில் நன்கொடை திரட்டித் தரும் தளங்களான ஆக்ட்புளூ, வின்ரெட் வழியாக வரும் பணம் இடைத்தரகர் அறிக்கையிலும் இருக்கும், வேட்பாளர் அறிக்கையிலும் இருக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள்.

காங்கிரஸ் உறுப்பினரின் சொத்தை ஒற்றை எண்ணில் சொல்வது

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் உறுப்பினர்கள் தாக்கல் செய்வது 1,001 முதல் 15,000 டாலர் வரை என்பது போன்ற வரம்புகளைத்தான். குடியிருக்கும் வீடு பெரும்பாலும் கணக்கில் வராது. வரம்பாகவே எழுதுங்கள்.

பெயர் மறைப்பவர் எல்லோரும் திருடர் என்று முடிவுகட்டுவது

‘சமூக நல’ அமைப்புகளாகப் பதிவு செய்துகொண்டு, கொடுத்தவர் பெயரை வெளியிடாமல் அரசியலில் செலவிடும் குழுக்கள் உண்மையான தொல்லை. அவற்றைப் பற்றிக் கோபத்தோடு எழுதுங்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் எதிர்த்தரப்பு வாதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பிடம் அலபாமா மாநிலம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. கொடுத்திருந்தால் அவர்கள் வேலையை இழந்திருப்பார்கள், தாக்கப்பட்டிருப்பார்கள். 1958இல் உச்ச நீதிமன்றம் பட்டியலைத் தர வேண்டியதில்லை என்றது. 2021இல் கலிபோர்னியாவின் நன்கொடையாளர் அறிவிப்பு விதியை 6-3 என்று ரத்து செய்தபோது அந்தப் பழைய தீர்ப்பே துணைக்கு அழைக்கப்பட்டது. அடிவாங்கும் அபாயத்தில் இருந்த உறுப்பினருக்குக் கிடைத்த கேடயத்தைக் கோடீஸ்வரர் எடுத்துக்கொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் அந்தக் கேடயம் ஏன் உருவானது என்று சொல்லாத கட்டுரையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இந்த அமைப்புகள் வருமான வரித்துறையிடம் தரும் 990 படிவம் பொதுவில் கிடைக்கும். கொடுத்தவர் பெயர் அதில் மறைக்கப்பட்டிருந்தாலும், அந்த அமைப்பு யாருக்கெல்லாம் மானியம் கொடுத்தது என்பது இருக்கும். எதிர்த்திசையிலிருந்து, அதாவது பணம் பெற்ற அமைப்புகளிலிருந்து பின்னோக்கித் தேடினால் பல நேரங்களில் வழி கிடைக்கிறது.

காங்கிரசிடம் தகவல் சுதந்திரச் சட்டப்படி மனு போடுவது

போடாதீர்கள். 1966ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத் துறைகளுக்கானது. காங்கிரசும் நீதிமன்றங்களும் அதற்குள் வராது. தேர்தல் ஆணையத்துக்குப் போடலாம்.