கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள்: வண்டியில் ஆயில், கூலன்ட் அளவு பார்ப்பதில் நடக்கும் தவறுகள்

ஆயில் குறைந்தால் இன்ஜினுக்குக் கேடு என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கேடுதான் என்றால் பலர் நம்புவதில்லை. "கொஞ்சம் சேர்த்தே ஊற்றுங்க, கிடக்கட்டும்" என்பார்கள். அது கிடக்காது. டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியில், இருக்கும் மேல் கோட்டைத் தாண்டி ஏறிய ஆயிலை, வேகமாகச் சுழலும் கிராங்க்‌ஷாஃப்ட் அடித்து அடித்து நுரையாக்கிவிடும். பம்ப் அந்த நுரையைத்தான் இழுத்து அனுப்பும். பேரிங்குகளுக்கு ஆயிலோடு காற்றும் போகும். ஆயில் குறைந்த வண்டிக்கு வரும் அதே தேய்மானம் இங்கேயும் வரும். சீல்கள் கசிந்தால் அது தனிச் செலவு.

அளவு பார்க்கும் விதத்திலேயே பாதித் தவறு நடக்கிறது. இன்ஜினை நிறுத்திய கையோடு டிப்ஸ்டிக்கை உருவினால் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் மேலே போன ஆயில் இன்னும் கீழே இறங்கியிருக்காது. சமதளத்தில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் விட்டு, குச்சியைத் துணியால் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுத்துப் பாருங்கள். முதல் தடவை தெரியும் அளவை நம்பவே கூடாது. பைக்கைச் சைட் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தும் பார்க்கக் கூடாது. திருகு மூடியோடு வரும் குச்சியைப் பல மாடல்களில் திருகாமல், துளையின் மேல் உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும். கையேட்டில் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படி.

பல கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 1 லிட்டர்தான். அதனால் கால் லிட்டர் ஊற்றுங்கள், பொறுங்கள், பாருங்கள், அப்புறம் அடுத்தது.

இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட்டில் அவசரம் ஆபத்து. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடங்கியிருந்த கொதிநீர் முகத்தில்தான் பாயும். ஆறிய பிறகு, பக்கத்து டப்பாவில் இருக்கும் கோடுகளுக்கு நடுவே நிரப்பினால் போதும். வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உள்ளே துருவும் உப்புப் படிவும் சேரும். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் கலப்பதும் வேண்டாம். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது.

பிரேக் ஆயில் சங்கதி வேறு. பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் அளவு இறங்கும், அது இயல்பு. அதைப் பார்த்து விளிம்பு வரை நிரப்பிவிட்டால், புதுப் பேட் போடும்போது பேட்டை அழுத்தும் பிஸ்டன் பின்னால் போய், மிச்சம் வழிந்து பெயின்ட்டை அரிக்கும். கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டதா? முதலில் பேட்டைப் பாருங்கள், கசிவைத் தேடுங்கள். திடீரென இறங்கியிருந்தால் ஊற்றிவிட்டு ஓட்டவே கூடாது. பிரேக் ஆயில் வகைகளான டாட் 3, டாட் 4 காற்றின் ஈரத்தை இழுப்பவை. திறந்து மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலை ஊற்றினால், சூட்டில் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகி பெடல் மெத்தென்று இறங்கிவிடும். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று சிலிகான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு சேர்க்காதீர்கள். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டுகூட அந்த டப்பாவுக்குள் போகக் கூடாது, ரப்பர் சீல்கள் உப்பிப் பாழாகும்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் ஏறிய பிறகு. ஆசிட் சேர்க்க வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலைப் பல வண்டிகளில் இன்ஜின் சூடாக ஓடும்போதுதான் பார்க்க வேண்டும், இன்ஜின் ஆயிலுக்கு நேர் எதிர்.