முதியோர் பராமரிப்பு மையங்களின் வாகனச் சேவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓட்டுநரின் உரிமத்தைச் சரிபார்ப்பது, வண்டியைக் காலத்தே பழுதுபார்ப்பது போன்றவற்றை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதியோரை வீட்டிலிருந்து மையத்துக்கு அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிடும் வண்டிக்குப் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் வேறு சில தவறுகளையே இங்குச் சொல்கிறேன்.

தூரத்தை மட்டும் பார்த்து நேர அட்டவணை போடுவது

இரு வீடுகளுக்கிடையே 10 நிமிடம் என்று கூகுள் மேப் காட்டினால் அதையே அட்டவணையில் எழுதிவிடுகிறார்கள். வண்டி வாசலில் நிற்கும் நேரம் கணக்கில் வருவதே இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவரை வண்டியின் லிஃப்ட்டில் ஏற்றி, நாற்காலியை முன்னோக்கி நிறுத்தி, நான்கு பட்டைகளால் தரையோடு இறுக்கி, அதன்பின் அவருக்குத் தனியாக இடுப்பு பெல்ட்டும் தோள் பெல்ட்டும் மாட்ட வேண்டும். கைபழகியவருக்கே இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

பிந்திய நேரத்தை ஓட்டுநர் இந்த வேலையில்தான் மிச்சம் பிடிக்கிறார் என்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. புதிய ஓட்டுநர் ஒருவருடன் சென்றபோது, மூன்றாவது வீட்டில் ஏறிய மூதாட்டிக்கு அவர் இடுப்பு பெல்ட்டை நாற்காலியின் கைதாங்கிகளுக்கு மேலாக மாட்டியிருந்தார். பெல்ட்டுக்கும் உடலுக்கும் இடையே என் கை தாராளமாக நுழைந்தது. பெல்ட் கைதாங்கிகளுக்கு உள்ளே சென்று இடுப்பெலும்பின் மீது தாழ்வாகப் படிய வேண்டும். இல்லையெனில் மோதலின்போது உடல் அதன் அடியில் நழுவிவிடும், அல்லது பெல்ட் வயிற்றில் அழுந்தி உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும். வண்டியில் இருக்கையாகப் பயன்படும் சக்கர நாற்காலிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 7176-19 என்ற சர்வதேசத் தரத்தின்படி மணிக்கு 48 கி.மீ. வேக மோதலில் சோதிக்கப்பட்ட நாற்காலியானாலும், பெல்ட் இப்படி மாட்டப்பட்டால் அமர்ந்திருப்பவரைக் காக்காது.

ஆகவே, வண்டி நின்றது முதல் மீண்டும் நகர்ந்தது வரையிலான நேரத்தை ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் குறித்துக்கொண்டு, அதன்பிறகே அட்டவணையை எழுத வேண்டும். காலையில் முதலில் ஏறுபவரே நெடுநேரம் வண்டியில் இருப்பார் என்பதால், சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்பவரைக் கடைசியில் ஏற்றுவது நல்லது.

வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்புவது

மறதிநோய் உள்ளவரை வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் நேரில் ஒப்படைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. வீட்டில் எவரும் இல்லையெனில் யாரை அழைப்பது, அதுவரை அவர் எங்கே இருப்பார் என்பவற்றைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

கடைசி இருக்கைவரை நடந்து பார்க்காமல் வண்டியைப் பூட்டுவது

உள்ளே எவரேனும் இறங்காமல் இருந்துவிடலாம் என்பதால், எவ்வளவு அவசரமானாலும் இப்படிச் செய்யக் கூடாது.

போகும் நேரத்தை மட்டும் பதிவது

முதியோர் இல்லத்தில் தங்கியிருப்பவர் மருத்துவரிடம் சென்றால், திரும்பும் பயணத்தையும் அப்போதே பதிய வேண்டும்.

லிஃப்ட் இல்லாத மாற்று வண்டி

வண்டி பழுதான நாளில் நடக்கக்கூடியவர்கள் மட்டும் மையத்துக்கு வந்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டிலேயே தங்க, அவருக்காக மகளோ மருமகளோ வேலைக்கு விடுப்பு எடுக்க நேர்கிறது. மாற்று வண்டிக்கு ஒப்பந்தம் போடும் முன், அதில் ஒரு சக்கர நாற்காலியையாவது ஏற்றி, பட்டைகளை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.