வட்டமாக உட்காருவதற்கு முன்: ஆஸ்திரேலியக் கால்பந்து அணிகளில் இடித்துரைக்கும்போது நேரும் தவறுகள்

2005 செப்டம்பர் 24 அன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த லீக் இறுதிப்போட்டியில், ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது, சிட்னி ஸ்வான்ஸின் லியோ பாரி வீரர்களின் கூட்டத்துக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்தார். வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸை 58–54 என்று வென்ற அந்த அணிக்கு, சவுத் மெல்போர்ன் என்ற பெயரில் 1933இல் வென்றதற்குப் பிறகு 72 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த கோப்பை அது. வெற்றிக்குக் காரணம் தேடியவர்களில் பலர், அந்த அணியின் வீரர்கள் ஒருவர் குறையை மற்றவர் முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்ளும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அதன்பின் பெரிய கிளப்புகள் தொடங்கிப் புறநகர்க் கிளப்புகள் வரை பலவும் வீரர்களை வட்டமாக உட்காரவைத்து, மனத்தில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கின. வட்டமாக உட்காருவதைப் பார்த்துச் செய்வது எளிது. சிட்னியில் அதற்கு முன்பு நடந்த வேலையைச் செய்யாமல் விட்டதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

2002 பருவத்தின் நடுவில் சிட்னியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பால் ரூஸ், தாம் வீரராக ஓய்வு பெற்ற காலத்திலேயே, ஒரு பயிற்சியாளர் வீரர்களை எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தவர். அவர் காலத்தில், முன்னாள் விமானப்படையினரான ரே மெக்லீன் நடத்திய 'லீடிங் டீம்ஸ்' நிறுவனம் சிட்னி வீரர்களோடு வேலை செய்தது. யாரையும் குறை சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பு, எதிரணிகள் நம்மைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று விரும்புகிறோம், அதற்காக ஒவ்வொரு வாரமும் எப்படி நடந்துகொள்வோம் என்பதை வீரர்களே பேசி முடிவு செய்தார்கள்; சவுத் மெல்போர்ன் காலத்துப் பழைய பெயரான 'பிளட்ஸ்' என்பதைத் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். பின்னர் சொல்லப்பட்ட ஒவ்வொரு குறையும் இந்த ஒப்பந்தத்தை வைத்தே அளக்கப்பட்டது. பல கிளப்புகள் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. அளவுகோல் இல்லாத இடத்தில் ஒருவர் சொல்வது அவருடைய தனிப்பட்ட அபிப்பிராயமாக மட்டுமே நிற்கும், கேட்பவரும் அதை அப்படியேதான் எடுத்துக்கொள்வார். பயிற்சியாளர் எழுதிச் சுவரில் ஒட்டிய விதிகளும் இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை, ஏனெனில் தாம் ஒப்புக்கொள்ளாத விதியை மீறினோம் என்ற குற்றவுணர்வு யாருக்கும் வருவதில்லை.

அடுத்த தவறு, செயலை விட்டுவிட்டு ஆளைப் பற்றிப் பேசுவது. இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சிறிது விளக்கம் தேவை. நீள்வட்ட மைதானத்தில் ஓர் அணிக்கு 18 பேர் ஆடுகிறார்கள். ஆஃப்சைடு விதி கிடையாது. பந்து எங்கு வேண்டுமானாலும் போகும். எதிரி பந்தைப் பிடிக்கப் போகும் நேரத்தில் பின்னாலிருந்து கையை மடக்கிக் குத்திவிடுவது 'ஸ்பாயில்', பந்து வைத்திருக்கும் தோழனுக்காக எதிரியைத் தன் உடலால் மறித்து நிற்பது 'ஷெப்பர்ட்', உதைக்கும் காலில் கையை நீட்டி விழுந்து பந்தை அடைப்பது 'ஸ்மதர்'. இவற்றை மொத்தமாக 'ஒன் பர்சென்ட்டர்' என்பார்கள். அரங்கத்தில் பெரிதாகக் கைதட்டல் கிடைக்காத, செய்யாமல் விட்டாலும் வெளியில் எளிதாகத் தெரியாத வேலைகள் இவை. ஒருவன் மறித்திருக்க வேண்டிய இடத்தில் மறிக்காமல் நின்றான் என்பது, அதனால் அடிபட்டவனுக்குத்தான் முதலில் தெரியும். சக வீரரின் சொல்லுக்கு இந்த விளையாட்டில் இவ்வளவு எடை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மெல்போர்னின் புறநகர்க் கிளப் ஒன்றின் உடைமாற்று அறையில் ஒருமுறை கேட்ட உரையாடல் இன்னும் நினைவில் இருக்கிறது. ஆட்டம் முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லோர் காலிலும் சேறு, தசைவலிக்குத் தடவும் எண்ணெயின் நெடி. வயதில் மூத்த ஒருவர் எதிரே இருந்த இளைஞனிடம், "நீ சுயநலக்காரன், உனக்கு டீம் முக்கியமில்லை" என்றார். இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு ஷூ லேஸை அவிழ்த்தான், மறுபடி கட்டினான், ஒன்றும் பேசவில்லை. அடுத்த பயிற்சிக்கு அவன் வரவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே மூத்தவர் வேறொருவனிடம், "மூணாவது குவார்ட்டர்ல பந்து நம்ம கையை விட்டுப் போனதும் நீ நடந்தே, நீ மறிக்க வேண்டிய ஆளு ஓடினான், அந்த கோல் அவன்தான் போட்டான், திரும்பி ஓடுவோம்னு நாம பேசிவச்சது" என்றார். அந்தப் பையன் உடனே, "ஆமாண்ணே, மூச்சு வாங்குச்சு, கையைக் காட்டி வெளியே வந்திருக்கணும்" என்றான். (அவர்கள் பேசியது ஆங்கிலம்தான், நம் பேச்சில் எழுதியிருக்கிறேன்.) இரண்டாவது பேச்சில் கடுமை குறையவில்லை. ஆனால் அந்தப் பையன் திருத்திக்கொள்ள அதில் ஓர் இடம் இருந்தது. முதலாவதில் கேட்டவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே முடிந்தது. ரத்தம் சூடாக இருக்கும் நேரத்தில் பேசுவதையும் தவிர்க்கலாம். ஓரிரு நாள் கழித்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது பாதிச் சண்டை தானாகவே அடங்கிவிடும்.

திறமைசாலியை விட்டுவிட்டுப் புதியவர்களை மட்டும் உலுக்குவது இன்னொரு தவறு, ஜீலாங் அணி அதைத் தவிர்த்த விதம் கவனிக்கத் தக்கது. 2006இல் 10ஆம் இடத்தில் முடித்த அந்த அணியில், புகழ்பெற்ற தந்தையின் பெயரைத் தாங்கிய கேரி ஏப்லெட் ஜூனியரிடம், உனக்கிருக்கும் திறமைக்கு உன் உழைப்பு போதாது என்று சக வீரர்களே சொன்னார்கள். ஸ்டீவ் ஜான்சன் மது அருந்திய ஒரு சம்பவத்தில் சிக்கியபோது, வீரர்களின் தலைமைக் குழுவே அவரை 2007 பருவத்தின் தொடக்க ஆட்டங்களிலிருந்து விலக்கி வைத்தது. அந்த ஆண்டு இறுதிப்போட்டியில் போர்ட் அடிலெய்டை 119 புள்ளி வித்தியாசத்தில் ஜீலாங் வென்றது, 44 ஆண்டுகளில் முதல் கோப்பை அது. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் ஜான்சனுக்கே கிடைத்தது. ஏப்லெட் 2009இல், பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றார். ஒரே ஒரு பேச்சுதான் இத்தனையையும் செய்தது என்று கதை கட்டுவதை நான் நம்புவதில்லை. விலக்கி வைத்தவர்கள் ஜான்சன் திரும்பி வருவதற்கான வழியையும் திறந்தே வைத்திருந்தார்கள் என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. கதவை அடைத்துவிட்டால் அது வெறும் தண்டனையாகவே முடிந்திருக்கும்.

மிகக் கொடிய தவறு, ஒருவர் நம்பிச் சொன்ன அந்தரங்கத்தை அவருக்கு எதிரான ஆயுதமாக்குவது. 2017 பருவத்துக்கு முன் ரிச்மண்ட் வீரர்கள், தங்கள் வாழ்வில் மதிக்கும் ஒருவர், பட்ட ஒரு துன்பம், மகிழ்ந்த ஒரு தருணம் ஆகியவற்றைக் குழுவின் முன் தாங்களே எடுத்துச் சொல்லும் அமர்வுகளை நடத்தினார்கள். எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது பேசுபவர் கையில் இருந்தது. அந்த ஆண்டு இறுதிப்போட்டியில் ரிச்மண்டிடம் 48 புள்ளிகளில் தோற்ற அணி அடிலெய்டு. நான்கு மாதம் கழித்து அடிலெய்டு வீரர்கள் கோல்ட் கோஸ்டில் ஒரு முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே, ஆலோசகரிடம் தனிமையில் சொன்ன சொந்த விஷயங்களை வைத்தே தம்மை மற்றவர்கள் முன் திட்டினார்கள் என்று தொல்குடி வீரர் எடி பெட்ஸ் 2022இல் தம் தன்வரலாற்றில் எழுதினார். தம் சமூகத்தின் சடங்குகள் அங்கே முறையின்றிப் பயன்படுத்தப்பட்டதாகவும், இதையெல்லாம் எடுத்துப் பேசிய பின் தலைமைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டதாகவும் சொன்னார். 2018இல் லீக் நடத்திய விசாரணை விதிமீறல் எதுவும் இல்லை என்று முடிந்திருந்தது. 2022 ஆகஸ்டில்தான் கிளப் மன்னிப்புக் கேட்டது. பயிற்சியின் பெயரால் ஒருவரின் குழந்தைப் பருவத்தையோ குடும்பத்தையோ கிளறுபவர்கள், ஆட்டத்தில் அவர் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'உண்மையைச் சொல்கிறோம்' என்ற சாக்கு அங்கே செல்லாது.

உண்மை கீழ்நோக்கி மட்டுமே பாய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் உண்டு. காலிங்வுட் அணியின் 2010 கோப்பையில் ஆடிய ஹெரிட்டியர் லுமும்பா, தம்மை இனத்தை இழிவுபடுத்தும் ஒரு பட்டப்பெயரால் சக வீரர்கள் அழைத்ததைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். முன்னாள் தோழர்கள் சிலர் அதை உறுதிசெய்தார்கள். அந்தக் கிளப்பில் இனவாதம் அமைப்பிலேயே ஊறியிருந்தது என்று, அது நியமித்த ஆய்வே கூறியது 2021இல் வெளியே தெரிந்தது. ஓடவில்லை, மறிக்கவில்லை என்று இளைஞனிடம் சொல்லத் தைரியம் உள்ள அறையில், 'அந்தப் பெயரால் அவனைக் கூப்பிடாதே' என்று மூத்தவரிடம் சொல்ல ஆளில்லை என்றால், அங்கே நடப்பதை இடித்துரைத்தல் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

கோப்பையை வைத்துப் பண்பாட்டை அளப்பதும் ஏமாற்றும். 2006 இறுதிப்போட்டியில் அதே வெஸ்ட் கோஸ்ட் சிட்னியை ஒரே ஒரு புள்ளியில் வென்றது. அந்த அணியின் முன்னாள் கேப்டனும் நட்சத்திரமுமான பென் கஸின்ஸ், போதைப்பொருள் விவகாரங்களுக்குப் பின் மறு ஆண்டே லீக்கால் ஓராண்டு தடை செய்யப்பட்டார்.

கடைசியாக, கசப்பான உண்மையைச் சொல்லும் சுமை முழுவதையும் ஒரே ஆள் தலையில் கட்டுவது. சிட்னியில் 2003 முதல் கேப்டனாக இருந்து, தரம் தாழும்போதெல்லாம் முதலில் வாய் திறந்தவர் ஸ்டூவர்ட் மேக்ஸ்ஃபீல்ட். முழங்கால் காயத்தால் அவர் 2005 பருவத்தின் நடுவிலேயே ஓய்வு பெற வேண்டியதாயிற்று. அதன்பின் பல வீரர்கள் முறைவைத்துக் கேப்டனாக இருந்தார்கள், இறுதிப்போட்டி நாளில் அந்தப் பொறுப்பு பாரி ஹாலிடம் இருந்தது. 2012இல் ஜான் லாங்மயர் பயிற்சியில் ஹாதார்னைப் 10 புள்ளிகளில் வென்று சிட்னி மீண்டும் கோப்பையை எடுத்தபோது, 2005 இறுதிப்போட்டியில் ஆடியவர்களில் நால்வர்தான் களத்தில் இருந்தார்கள்: ஆடம் குட்ஸ், ஜூட் போல்டன், ரையன் ஓ'கீஃப், லூயிஸ் ராபர்ட்ஸ்-தாம்சன்.