கைரேகை லாகின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடவுச்சொல்லுக்குப் பதிலாக விண்டோஸ் ஹலோ, மேக்கின் டச் ஐடி ஆகிய கைரேகை வசதிகளைக் கொண்டு இணையதளங்களில் நுழைவோரில் பலர், தங்கள் கைரேகை அந்தத் தளத்துக்கே போய்ச் சேர்வதாக எண்ணுகிறார்கள். அப்படி எதுவும் போவதில்லை. 2019-இல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட வெப்ஆத்தன் முறையில், கணினி ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே ஒரு சாவி இணையை, அதாவது ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு மின்னணுச் சாவிகளை, உருவாக்கி, பொதுச் சாவியைத் தளத்திடம் கொடுத்துவிட்டு, ரகசியச் சாவியைத் தன் வசமே வைத்துக்கொள்கிறது. இந்த இணைக்குத்தான் பாஸ்கீ என்று பெயர்; ரகசியச் சாவி இருக்கும் பெட்டியைத் திறப்பதோடு விரலின் வேலை முடிந்துவிடுகிறது.

விரல் ஈரமாக இருந்து ரேகை படியாவிட்டால், விண்டோஸில் பின் எண்ணும், மேக்கில் கணினியின் கடவுச்சொல்லும் அதே பெட்டியைத் திறக்கும். எனவே பிறந்த ஆண்டைப் பின் எண்ணாக வைப்பதும், அவசரத்துக்கு உதவட்டும் என்று வீட்டிலுள்ள இன்னொருவரின் விரலை நம் கணக்கில் பதிந்துவைப்பதும் பெரிய தவறுகள். யாருடைய விரல் என்பது தளத்துக்குத் தெரியாது. கணினியைப் பகிர்வதானால் ஆளுக்கொரு பயனர் கணக்கு வேண்டும்.

என் பார்வையில் அதிகம் சிக்கலில் விடுவது, பாஸ்கீ எங்கே சேமிக்கப்படுகிறது என்று பாராமல் திரையில் வரும் முதல் பொத்தானை அழுத்திவிடுவதுதான். அந்தக் கணினியில் மட்டும் சேமிக்கப்பட்ட சாவி, விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினால் திரும்ப வராது. ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட் கீசெயினில் சேமித்தது மற்ற ஆப்பிள் சாதனங்களிலும் கிடைக்கும். எதில் சேமித்திருந்தாலும், கைபேசியிலோ, பாதுகாப்புச் சாவி எனப்படும் தனிச் சிறு கருவியிலோ இரண்டாவது பாஸ்கீயைப் பதிந்து, தளம் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். கணினி பழுதான பிறகு இதை நினைத்துப் பயனில்லை.

பாஸ்கீ தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது என்பதால் போலித் தளத்தில் அது வேலை செய்யாது. மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். "கைரேகை சரிபார்ப்பில் கோளாறு, கடவுச்சொல்லை இடவும்" என்று ஒரு பக்கம் கேட்டால், தட்டச்சு செய்யும் முன் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பழைய கடவுச்சொல்லை நீக்கத் தளம் அனுமதித்தால் நீக்கிவிடலாம்; இல்லையேல், வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட ஒன்றாக மாற்றுங்கள்.

கணினியை விற்கும்போது அதிலுள்ளதை அழித்தால் மட்டும் போதாது. தளத்தின் பாதுகாப்பு அமைப்புகளில் அந்தச் சாதனத்தின் பாஸ்கீ பட்டியலில் அப்படியே நிற்கும், அதையும் அங்கே போய் நீக்க வேண்டும்.